தங்கச் சாவியும் வராத போனும்

அத்தியாயம் 6

மேசைமேல் இருந்த போன் ஐம்பது நிமிடமாக வாயைத் திறக்கவில்லை. பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவர்கள் மாதிரி மூன்று பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தீங்களா?” என்றார் பூட்டுக்கடை முதலாளி. “ஒரு மாசத்துக்கு முன்னாடின்னா இந்நேரம் இருபது போன் வந்திருக்கும். கதவு பூட்டிக்கிச்சு, சாவி ஒடிஞ்சு போச்சு, குழந்தை உள்ள மாட்டிக்கிச்சுன்னு மூச்சு விட நேரம் இருக்காது. இப்போ பாருங்க. ஊர்ல ஒருத்தரும் சாவியைத் தொலைக்கிறதில்லையா?”

“எல்லாருக்கும் திடீர்னு பொறுப்பு வந்துடுச்சு போல,” என்றார் தபால் மாமா.

ஊசி அவரை முறைத்தாள். அவளுடைய நிஜப்பெயர் யாருக்கும் நினைவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் பதினாலு வருஷம் பொய் விண்ணப்பங்களைக் கண்டுபிடித்தவள். குத்த வேண்டிய இடத்தில் குத்துவாள் என்று அங்கே வைத்த பெயர், வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறிய வந்தபோது கூடவே வந்துவிட்டது. தபால் மாமா அவள் அம்மாவின் தம்பி. முப்பத்தைந்து வருஷம் தபால் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது கால்தான், வாய் இல்லை.

முதலாளி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். டைப் அடித்து, தயாராக வைத்திருந்தார். ‘நாங்கள் விசாரித்ததில், கடைக்கு வந்த அழைப்புகளைத் தன் அண்ணன் கடைக்குத் திருப்பிவிட்டது மேற்படி பெண்தான் என்று தெரியவந்தது.’ கீழே ஊசியின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

“மேற்படி பெண்ணுன்னா?”

“என் தம்பி பொண்டாட்டி. எட்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து போன் எடுத்தது அவதான். அவ அண்ணன் பாலத்துக்கு அந்தப் பக்கம் பூட்டுக்கடை வெச்சிருக்கான். நம்ம போன் நின்ன அன்னிக்கே அவன் கடையில போன் அலற ஆரம்பிச்சுது. ரெண்டையும் ரெண்டையும் கூட்டத் தெரியாதா எனக்கு? திங்கட்கிழமை எந்திரிச்சுப் போன்னு சொல்லிட்டேன். பிள்ளையைத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா.”

“உங்க தம்பி?”

“வெளியூர்ல ஒரு பேங்க் லாக்கர் வேலை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவான். மூணு நாளா சரியா சாப்பிடல, எங்கூடப் பேசவும் இல்ல. ஆதாரம் இருந்தா காட்டுங்கன்னு ஒரே வார்த்தை. நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அவன் ஒரு முடிவுக்கு வந்துருவான்.”

முடிவு என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அது ஒரு குடும்பம் இரண்டாக உடைவது என்று ஊசிக்குப் புரிந்தது, எரிச்சலாகவும் வந்தது. விசாரிக்கக் கூப்பிடுகிறார்கள், தீர்ப்பை முன்னாடியே டைப் அடித்து வைக்கிறார்கள்.

மேசை இழுப்பறையில் ஒரு தடிமனான நோட்டு இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு. ஒரு பக்கம் ‘உள்ளே’, இன்னொரு பக்கம் ‘வெளியே’. கீழே பெயர்கள், நேரம், விலாசம்.

“இது என்ன?”

“கதவுக்கு உள்ள மாட்டினவங்க ஒரு பக்கம், வெளிய நிக்கிறவங்க ஒரு பக்கம்,” என்றார் முதலாளி, மனசில்லாமல். “உள்ளன்னா குழந்தையா இருக்கும், முடியாதவங்களா இருக்கும். அங்க முதல்ல ஓடணும். அவதான் இப்படிக் கோடு போட்டா.”

போன மாசப் பக்கங்களில் எழுத இடமில்லாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தது. இந்த மாசம் பக்கம் பக்கமாக வெறும் கோடுதான்.

“இன்னிக்கு வியாழக்கிழமை,” என்றாள் ஊசி. “திங்கட்கிழமையிலிருந்து போன்கிட்ட யாரு?”

“நான்தான்.”

“எத்தனை வந்துச்சு?”

“ரெண்டு. அதுல ஒண்ணு ராங் நம்பர்.”

“அப்போ திருடி போய் மூணு நாள் ஆச்சு, திருட்டு மட்டும் இங்கயே தங்கிடுச்சா?”

முதலாளி போனை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். “போகும்போது போன்ல ஏதாவது பண்ணி வெச்சிருப்பா.”

தபால் மாமா தன் பழைய போனை எடுத்தார். அதன் முகம் முழுக்கக் கீறல். கடையின் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். மேசைமேல் இருந்த போன் உடனே கணீரென்று அடித்தது.

“உயிரோடதான் இருக்கு,” என்றார் மாமா. “கூப்பிட ஆள்தான் இல்ல.”

ஊசி எழுந்து வெளியே போகும்போது கதவைக் கவனித்தாள். மாடியில் இருந்த அந்த ஆபீஸ் அறைக்குத் தடித்த மரக்கதவு, அதில் பளபளவென்று ஒரு பூட்டு. முதலாளியின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது.

“நானே வடிவமைச்ச பூட்டு, மேடம். கதவைச் சாத்தினா தானா பூட்டிக்கும். சாவி இல்லாம இதைத் திறக்க ஊர்லயே மூணு பேராலதான் முடியும். நான், என் தம்பி…” கொஞ்சம் தயங்கினார். “அப்புறம் அந்த ஆளு.”

“எந்த ஆளு?”

“அதான், அவ அண்ணன்.”

* * *

கடைக்குப் புது வெப்சைட் வந்து மூன்று வாரம் ஆகிறது. போன் நின்றும் மூன்று வாரம் ஆகிறது. முதலாளியைப் பொறுத்தவரை இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்கள். “வெப்சைட் பிரமாதமா ஓடுது மேடம்! பாக்குறவங்க ரெண்டு மடங்கு!” என்று அடித்துச் சொன்னார்.

வெப்சைட்டுக்கு இரண்டு பேர் வேலை செய்தார்கள். பார்க்கிறவர்களுக்கு வசதியாகவும் அழகாகவும் பக்கத்தை அமைக்க ஒரு டிசைனர். தேடுகிறவர்கள் கண்ணில் நம் கடை முதலில் படுகிற மாதிரி வார்த்தைகளைப் போட ஒரு எஸ்.இ.ஓ.காரர். முதல் நாளே இரண்டு பேருக்கும் சண்டை. “ஒரு உறையில ரெண்டு கத்தி எதுக்கு?” என்று முதலாளி ஆளுக்கு மூன்று நாள் பிரித்துக் கொடுத்துவிட்டார். திங்கள், புதன், வெள்ளி டிசைனர். செவ்வாய், வியாழன், சனி எஸ்.இ.ஓ.காரர். அன்றிலிருந்து ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. இந்த ஏற்பாட்டை முதலாளி பெருமையாக விவரித்தபோது ஊசிக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது.

எஸ்.இ.ஓ.காரர் பின்னறையில் இருந்தார். நாற்பது வயது, நல்ல உயரம், நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்தார். அவர் கம்ப்யூட்டரில் படமே இல்லை. வெள்ளைத் திரையில் வரிசை வரிசையாக எழுத்து மட்டும்.

“மேடம், தேடுற எந்திரத்துக்குக் கண்ணு கிடையாது. அது படிக்கத்தான் செய்யும். அதனால நானும் பக்கத்தைப் படிக்கத்தான் செய்வேன். படமெல்லாம் அவங்க ஏரியா.” அவங்க என்ற சொல்லை மருந்து மாதிரி விழுங்கினார். “இங்க பாருங்க கிராப். ‘கதவு பூட்டிக்கிச்சு’ன்னு தேடுங்க, நாமதான் முதல்ல. ‘சாவி ஒடிஞ்சுது’, நாமதான் முதல்ல. ஊர்ல இந்த வேலைக்கு யார் யாரைத் தேடுறாங்களோ, அத்தனை பேரும் நம்ம பக்கத்துலதான் வந்து விழணும். விழறாங்க!”

“விழுந்தவங்க ஏன் போன் பண்ணல?”

“அது என் வேலை இல்லையே. நான் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வர்றேன். உள்ள கூப்பிட்டு உக்கார வைக்கிறது அந்தம்மா வேலை. நான் எழுதினதை எல்லாம் கீழ ஒரு பெட்டியில தள்ளிட்டாங்க. குப்பைத்தொட்டி மாதிரி. என்னத்தைச் சொல்ல!”

“கடை நம்பர் அந்த வெப்சைட்ல எங்கயாவது இருக்கா?”

“மேலயே பெரிசா இருக்குமே. பழைய வெப்சைட்லயே இருந்துச்சு. அதை நான் எதுக்குத் திருப்பி எழுதணும்?”

டிசைனரின் வேலையறை இரண்டு தெரு தள்ளி. அங்கே போனால் எல்லாம் தலைகீழ். சுவர் அளவுக்குத் திரை, அதில் கண் குளிரும் ஒரு பக்கம். அடர் நீலம், நடுவில் ஒற்றைத் தங்கச் சாவி. வேறு ஒன்றுமே இல்லை.

“கதவுக்கு வெளிய நிக்கிறவங்க ஏற்கெனவே பதட்டத்துல இருப்பாங்க,” என்றாள் டிசைனர். முப்பது வயதுக்காரி, பேசும்போது விரல்கள் காற்றில் கோடு போட்டன. “அவங்க மனசு அமைதியாகணும். முன்னாடி நடு நெத்தியில பத்து இலக்க நம்பரைக் கொட்டை எழுத்துல போட்டு வெச்சிருந்தாங்க, லாரி பின்பக்கம் மாதிரி. எடுத்துட்டேன். இந்தச் சாவியைத் தொட்டா போதும், நேரா கடைக்குப் போன் போகும். எவ்வளவு எளிமை!”

“சாவியைத் தொடணும்னு எப்படித் தெரியும்?”

“அது உள்ளுணர்வு, மேடம். தானா தெரியும்.”

“கீழ ஒரு பெட்டி இருக்காமே?”

“இருக்கு. அவர் எதையாவது கொட்டிக்கட்டும்னு விட்டிருக்கேன். நான் அதைப் படிக்கிறதே இல்ல. படிச்சா ரத்தம் கொதிக்குது.” அவள் திரையில் அந்தப் பெட்டிக்குள் அர்த்தமில்லாத டம்மி எழுத்துகள்தான் இருந்தன. இடத்தை நிரப்ப அவளே போட்டு வைத்தது. உண்மையான பக்கத்தை அவள் திறந்து பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

படியிறங்கும்போது ஊசி வெடித்தாள். “ஒருத்தர் பார்க்க மாட்டாராம், இன்னொருத்தி படிக்க மாட்டாளாம். ரெண்டு பேரும் செய்யறது ஒரே பக்கம்! எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு…”

“சேர்ந்து வாழாத புருஷன் பொண்டாட்டி கட்டின வீடு மாதிரி,” என்றார் மாமா. “ஒருத்தர் ஜன்னல் வெச்சா இன்னொருத்தர் சுவர் எழுப்புவாங்க. நான் அந்த மாதிரி வீடுகளுக்கு நிறையத் தபால் கொடுத்திருக்கேன், மருமகளே. எந்தக் கதவைத் தட்டுறதுன்னே தெரியாது.”

* * *

பாலத்துக்கு அந்தப் பக்கக் கடை ஒரு ஒற்றை அறை. வாசல் போர்டில் பாதி எழுத்து அழிந்திருந்தது. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேசையில் ஒரு புது நோட்டு, நடுவில் கோடு போட்டு இரண்டு கட்டம். அதற்கு முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

“வணக்கம், சொல்லுங்க. பதறாதீங்க. கதவுக்கு உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?… வெளியவா, சரி. அடுப்பு ஏதும் எரியலையே?… அப்போ பயமே இல்ல. விலாசம் சொல்லுங்க.”

அவள் எழுதி முடிக்கும்வரை ஊசி காத்திருந்தாள். பிறகு தான் யார், எதற்கு வந்தோம் என்று நேராகவே சொன்னாள். அண்ணன்காரர் சாவி வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

“என் தங்கச்சியைத் திருடின்னு எழுதிக் கொடுக்கத்தானே வந்தீங்க? எழுதிக்குங்க. எட்டு வருஷம் உழைச்ச இடம், அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுப் போன்னு சொல்லியிருக்கார். இங்க எனக்குப் போன் எடுக்க ஆளில்லாம திண்டாடினேன், அதான் உக்கார வெச்சேன்.”

“உங்களுக்கு எப்படித் திடீர்னு இவ்வளவு போன்?”

“எனக்கென்ன தெரியும்? கடவுள் இப்பதான் கண்ணைத் திறந்தார்னு இருந்தேன்.”

“கண்ணைத் திறந்தவர் போர்டையும் ஒரு தடவை பாத்திருக்கலாம்,” என்றார் தபால் மாமா.

அந்தப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஒரு விஷயம் எனக்கே புரியல, மேடம். கூப்பிடுறவங்க பாதிப் பேர் ‘உங்க வெப்சைட்ல பாத்தேன்’ங்கறாங்க. அண்ணனுக்கு வெப்சைட்டே கிடையாது. நேத்து ஒருத்தர், ‘தங்கச் சாவி போட்டிருக்கே, அந்தக் கடைதானே’ன்னு கேட்டார்.”

ஊசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இந்த நம்பர் எத்தனை வருஷமா இருக்கு?”

“வருஷமா? போன மாசம்தான் வாங்கினோம். பழைய நம்பர் போயிடுச்சு. போர்டுல கூட இன்னும் மாத்தி எழுதல. வீட்டு ஆளுங்க நாலஞ்சு பேருக்குத்தான் சொல்லியிருக்கோம்.”

ஊசி மனசுக்குள் கணக்குப் போட்டாள். போர்டில்கூட இல்லாத எண், வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த எண், அந்த வெப்சைட்டைப் பார்த்தவர்கள் கைக்குப் போயிருக்கிறது. அப்படியென்றால் வீட்டு ஆள் யாரோதான் கொடுத்திருக்க வேண்டும். முதலாளி கடையில் உட்கார்ந்திருந்த வீட்டு ஆள் இந்தப் பெண்தான். முதலாளியின் டைப் அடித்த தாள் பொய்யாக இருக்கவேண்டும் என்று காலையிலிருந்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது ஊசிக்கே அப்போதுதான் தெரிந்தது.

“நம்பர் மாத்தினதை நீங்க யார்கிட்ட சொன்னீங்க?”

“அவர்கிட்ட, அதான் என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அப்புறம் குடும்பத்துல எல்லார் நம்பரும் எழுதி வெச்சிருக்கிற டைரியில எழுதினேன்.”

“இதை எல்லாம் ஏன் முதலாளிகிட்ட, உங்க பெரியத்தான்கிட்ட சொல்லல? வெப்சைட் விஷயத்தை?”

“இங்க வந்து உக்காந்தப்புறம்தானே எனக்கே தெரியும்! அதுக்கப்புறம் போன் பண்ணினேன். என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டார்.” அவள் நோட்டின் கோட்டை விரலால் தேய்த்தாள். “எட்டு வருஷமா முன்னப் பின்னத் தெரியாதவங்க கூப்பிட்டாக்கூட முழுசாக் கேட்டுட்டுத்தான் வெச்சிருக்கேன், மேடம். எனக்கு அந்த மரியாதைகூட இல்லையான்னுதான் ஆத்தாமையா இருக்கு.”

அதற்குள் போன் மறுபடி அடித்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தாள். “வணக்கம், சொல்லுங்க. பதறாதீங்க.”

திரும்பும் வழியில், பாலத்தின் நடுவில், ஊசி மாமாவின் கீறல் விழுந்த போனை வாங்கினாள். அந்த வெப்சைட்டைத் திறந்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இரண்டு நிமிடம்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன மருமகளே?”

“யார் திருடினாங்கன்னு தெரியல. எப்படின்னு தெரிஞ்சுபோச்சு. நாலு மணிக்கு எல்லாரையும் மாடிக்கு வரச் சொல்லுங்க. அந்த டிசைனரையும்.”

“இன்னிக்கு அவங்க நாள் இல்லையே.”

“அதனாலதான் வரச் சொல்றேன்.”

* * *

நாலு மணிக்கு ஆபீஸ் அறையில் காற்றே இல்லை. டிசைனர் ஒரு சுவரைப் பார்த்து நின்றாள், எஸ்.இ.ஓ.காரர் எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார். முதலாளி நடுவில் நின்று அடிக்கடி மணி பார்த்தார். டைப் அடித்த தாள் மேசைமேல் காத்திருந்தது, பறக்காமலிருக்க அதன்மேல் முதலாளியின் சாவிக்கொத்து.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க,” என்றாள் ஊசி. “மாமா, அதை எடுத்துட்டு வாங்க.”

ஐந்து பேரும் படிக்கட்டு முகப்பில் நெருக்கியடித்து நின்றார்கள். ஊசி கதவை இழுத்துச் சாத்தினாள். முதலாளி வடிவமைத்த பூட்டு ‘க்ளக்’ என்று தன் கடமையைச் செய்தது.

“மேடம்! என் டூல்ஸ் எல்லாம் உள்ள இருக்கு!”

“இருக்கட்டும். இப்போ நீங்க கதவுக்கு வெளிய மாட்டிக்கிட்ட ஆளு. இந்த மூணு வாரத்துல உங்க யாருக்கும் தோணாத ஒண்ணைச் செய்யப்போறோம். உங்க வெப்சைட் யாருக்காக இருக்கோ, அந்த ஆள் மாதிரி அதைப் பார்க்கப்போறோம். மாமா, ஒரு கையில பை, ஒரு கையில போன். பூட்டுத் திறக்க ஆள் கூப்பிடுங்க.”

தபால் மாமா இடது கையில் ஒரு கனத்த பையோடு, வலது கையில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் தட்டினார். “கதவு பூட்டிக்கிச்சு… ஆங், முதல்லயே நம்ம கடை.”

எஸ்.இ.ஓ.காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“தொட்டாச்சு. நீலமா இருக்கு. நல்லா இருக்கு. ஒரு சாவிப் படம்.”

“அதைத் தொடுங்க!” என்றாள் டிசைனர், தாங்க முடியாமல்.

“சும்மா இருங்க,” என்றாள் ஊசி. “மாட்டிக்கிட்டவங்க பக்கத்துல நின்னு நீங்க சொல்லிக் கொடுக்கப்போறதில்ல.”

“அதை எதுக்குத் தொடணும்?” என்றார் மாமா. “பூட்டுக்கடைன்னா சாவிப் படம் போடுவாங்க, பின்ன பூசணிக்காய் படமா போடுவாங்க? நம்பர் எங்க? கீழ போறேன்… கீழ போறேன்… ஏகப்பட்ட எழுத்து. அப்பாடா, இந்தா ஒரு நம்பர். நீலமா, அடிக்கோடு போட்டு இருக்கு. தொட்டுட்டேன்.”

போன் ஒலித்தது. மாமா ஸ்பீக்கரைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

“வணக்கம், சொல்லுங்க. பதறாதீங்க. கதவுக்கு உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?”

முதலாளியின் முகம் வெளுத்தது. எட்டு வருஷம் பக்கத்து நாற்காலியில் கேட்ட குரல்.

ஊசி மாமா கையைப் பிடித்துத் திரையை எல்லோருக்கும் காட்டினாள். எஸ்.இ.ஓ.காரரின் பெட்டிக்குள் ஒரு பத்தி. ‘எங்களுக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கக் கடைக்கும் என்ன வித்தியாசம்?’ என்று தலைப்பு, அதற்குக் கீழே அந்தக் கடையின் பெயர், விலாசம், எண்.

“வெறும் எண்ணைப் பார்த்தாலே போன் தானா அடிக்கோடு போட்டு, தொட்டா கூப்பிடுற மாதிரி பண்ணிடும்,” என்றாள். “இந்தப் பக்கம் முழுக்கத் தேடினாலும் கண்ணுக்குத் தெரியற எண் இது ஒண்ணுதான். உங்க எண்ணை இவங்க படத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சாங்க. அந்தக் கடை எண்ணை இவர் கொண்டுவந்து முன்னால வெச்சார். ஊரையே திரட்டி உங்க வாசலுக்குக் கூட்டிட்டு வந்து, அங்கிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் வழி காட்டியிருக்கீங்க. ரெண்டு மடங்கு ஆளுங்க!”

“நம்பரை யார் எடுக்கச் சொன்னது?” என்று கத்தினார் எஸ்.இ.ஓ.காரர்.

“எதிரி நம்பரை யாராவது நம்ம பக்கத்துல போடுவாங்களா?” என்று கத்தினாள் டிசைனர்.

மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசாதவர்கள் மூன்று வாரத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள். நேரில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு போனில், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்திருந்தால் போதும். ஊசிக்கு இருவர் தலையையும் பிடித்து முட்டவேண்டும் போலிருந்தது.

“நிறுத்துங்க!” என்றாள். அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது, அதைக் கேட்கப் பயமாகவும் இருந்தது. “இந்த நம்பர் போன மாசம் வாங்கினது. போர்டுல இல்ல, எங்கயும் இல்ல. உங்களுக்கு யார் கொடுத்தாங்க?”

எஸ்.இ.ஓ.காரரின் வேகம் அடங்கியது. பிறகு தன் போனைத் திறந்து, ஒரு மெசேஜைத் தேடி, ஊசியிடம் நீட்டினார்.

ஊசி அதைச் சத்தமாகப் படித்தாள். “‘பாலத்துக்காரன் பேரையும் புது நம்பரையும் கீழே எங்கயாவது போடு. அவனைத் தேடுறவன் எல்லாம் நம்மகிட்ட வரணும். குடும்ப டைரியில இருந்து எடுத்தேன். யாருக்கும் தெரியவேண்டாம்.’”

அனுப்பியவர் யார் என்று அவள் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. முதலாளி சுவரில் சாய்ந்துகொண்டார்.

“அது… எந்திரத்துக்குத்தான்னு நினைச்சேன்,” என்றார் ஈனஸ்வரத்தில். “மனுஷங்க யாரும் அவ்வளவு கீழ போய்ப் படிக்க மாட்டாங்கன்னு…”

“கதவுக்கு வெளிய நிக்கிறவங்க எவ்வளவு கீழ வேணும்னாலும் போவாங்க, சார். அடுத்தவங்க வாடிக்கையைத் திருடப் பாத்தது நீங்க. தன் வினை தன்னைச் சுட்டுச்சு. சூடு உங்களுக்கு, தழும்பு அந்தப் பொண்ணுக்கு. மூணு நாளா அவளைத் திருடின்னு சொல்லிட்டிருக்கீங்க.”

முதலாளி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார், முகத்தைத் துடைப்பது போல.

“கதவைத் திறங்க மேடம்,” என்றார் கடைசியில். “அந்தத் தாளைக் கிழிச்சுப் போடணும். தம்பி வர்றதுக்குள்ள.”

“மாமா, சாவி.”

“எங்கிட்ட ஏது?”

“எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேனே!”

“நீ ‘அதை’ன்னு சொன்ன. நான் பையை எடுத்துட்டு வந்தேன்.” மாமா இடது கையைத் தூக்கிக் காட்டினார். “பரிசோதனைக்கு வெயிட்டு வேணும்ல?”

ஊசி கதவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையிலிருந்து இரண்டு பேரை, சொல்லாமலே புரியும் என்று நினைத்ததற்காகத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள். சாவி உள்ளே, தாளின்மேல். தம்பி இன்னும் முக்கால் மணி நேரத் தூரத்தில். முதலாளியின் டூல்ஸ் கதவுக்கு அந்தப் பக்கம்.

“அப்போ இந்தப் பூட்டைத் திறக்க…” என்று எஸ்.இ.ஓ.காரர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அப்போதுதான் மாமாவின் போனிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. அவர் லைனைத் துண்டிக்கவே இல்லை.

“அண்ணனை அனுப்பறேன். இருபது நிமிஷத்துல வந்துடுவார்.”

ஐந்து பேரும் அசையாமல் நின்றார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், வழக்கம்போல் முழுசாக.

முதலாளி கையை நீட்டினார். மாமா போனை அவரிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நோட்டுல எழுதணும்,” என்றது அந்தக் குரல். நடுங்கியது, ஆனால் உடையவில்லை. “சொல்லுங்க, பெரியத்தான்.”

“தப்புப் பண்ணினவன்னு எழுதிக்கம்மா.”

அந்தப் பக்கம் பேனா நின்றது தெரிந்தது.

“அப்படி ஒரு கட்டம் என் நோட்டுல இல்ல, பெரியத்தான். ரெண்டுதான் இருக்கு. உள்ளயா, வெளியவா?”